பனித்தரையில் கண் யார் மேல் போகிறது?

ஐஸ் ஸ்கேட்டிங் கத்துக்கப் போறேன்னு ஸ்கார்பரோவிலிருந்து போன்ல சொன்னப்போ எனக்கு வயது 41. செஞ்சியில் அம்மா கேட்ட ஒரே கேள்வி: "இன்னாத்துக்குடி? கை கால் ஒடஞ்சா யாரு பாக்கறது?" பதினாலு மாசம் கழிச்சு வலது மணிக்கட்டு உடைந்தது. அம்மா வாக்கு பலித்துவிட்டது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

ஆனால் இந்தக் குறிப்பு எலும்பைப் பற்றியது அல்ல. கட்டுப் போட்டிருந்த ஆறு வாரமும், கட்டுப் பிரித்தபிறகு பயம் தெளியாத மீதிப் பனிக்காலமும் நான் பனித்தரையில் இறங்கவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்ததை இடது கையால் ஒரு நோட்டில் கிறுக்கி வைத்தேன். நோட்டு முழுக்க ஒரே கேள்விதான். பொழுதுபோக்குக்காக ஆட வருகிற பெரியவர்கள் இத்தனை பேரில், சிலர் மேல் மட்டும் ஏன் கண் போய் நிற்கிறது?

நான் சொல்வது டிவியில் வருகிற வீரர்களை அல்ல. ஆபீஸ் முடிந்து, பிள்ளைகளை ட்யூஷனில் விட்டுவிட்டு, ஒரு மணி நேரம் ஆடிவிட்டுப் போகிறவர்கள். டொராண்டோ பக்கத்தில் இவர்களுக்குக் குறைவில்லை. ஸ்கார்பரோவில் நகராட்சி அலுவலகத்தை ஒட்டிய ஆல்பர்ட் கேம்பெல் சதுக்கத்திலேயே பனிக்காலத்தில் ஆடுகளம் உண்டு. அங்கே நம்மாட்களை நிறையப் பார்க்கலாம். முக்கால்வாசிப் பேர் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, பிள்ளை கிண்டல் பண்ணுகிறதே என்று சிரித்துக்கொண்டு போவார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

என் முதல் ஊகம், குதிக்கிறவர்கள் மேல்தான் கண் போகும் என்பது. நோட்டில் முதல் நான்கு பக்கம் அதுதான் இருக்கிறது: யார் குதித்தார், எத்தனை சுற்று, விழுந்தாரா. அஞ்சாவது பக்கத்தில் எனக்கே சலிப்பு தட்டிவிட்டது. காரணம் கணக்கில் இருக்கிறது. நாற்பது தாண்டின ஒருவர் பனியில் 20 சென்டிமீட்டர் உயரம் எழும்பினால் காற்றில் இருப்பது சுமார் 0.4 விநாடி. அரை மீட்டர் எழும்பினாலும் 0.64 விநாடிதான். உயரம் இரண்டரை மடங்கு கூடினாலும் நேரம் ஒன்றரை மடங்கு சொச்சம்தான் கூடுகிறது. அதற்குள் சுற்ற வேண்டும், இறங்க வேண்டும். இளசுகள் உடம்பை ஒடுக்கி அதற்குள் மூன்று நான்கு சுற்று சுற்றிவிடுகிறார்கள். பெரியவர்கள் பெரும்பாலும் ஒரு சுற்று. நாம் கண் சிமிட்டி முடிப்பதற்குள் அது முடிந்து, அவர் கையைத் துழாவிக்கொண்டு நிற்கிறார். பார்க்கிறவருக்கு ஞாபகம் இருப்பது அந்தத் துழாவல்தான்.

உடையைப் பற்றியும் ரெண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். மினுமினுப்பு உடைக்குக் கண் ஒரு தடவை போகும், திரும்பப் போகாது. அவ்வளவுதான்.

திரும்பத் திரும்பக் கண் போனது வேறு ஒன்றுக்கு. அதைச் சொல்ல முதலில் காலணியின் அடியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஸ்கேட்டின் தகடு ஒரு கத்தி மாதிரி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன். உண்மையில் அது நாலு மில்லிமீட்டர் சொச்சம் அகலமான பட்டை. அதன் அடிப்பக்கத்தில் நீளவாக்கில் குழிவாகச் சாணை பிடித்திருப்பார்கள். அதனால் பட்டையின் இரண்டு பக்கமும் இரண்டு விளிம்பு கிடைக்கிறது, காலின் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று. நேராக நின்றால் ரெண்டு விளிம்பும் பனியைத் தொடும். உடம்பைச் சாய்த்தால் ஒரு விளிம்பு மட்டும் கடிக்கும், பாதை வளையும். வெளி விளிம்பில் ஒற்றைக் காலில் சாய்ந்து நின்றால் போதும், தகடே உங்களை வட்டமாகக் கொண்டுபோகும். கட்டையை இழைப்பதுபோல மெல்லிய 'ஸ்ர்ர்' சத்தம் கேட்கும். விளிம்பில் நிற்காமல் இழுத்துக்கொண்டு போனால் 'கரக் கரக்' என்று சுரண்டும். கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே யார் ஆடத் தெரிந்தவர் என்று சொல்லிவிடலாம். பெஞ்சில் உட்கார்ந்து நான் அதைத்தான் விளையாடிக்கொண்டிருந்தேன்.

எவ்வளவு சாய வேண்டும்? சைக்கிளில் வளைவு திரும்புகிற அதே கணக்கு. விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் (மணிக்கு 14 கிலோமீட்டர் சொச்சம், நிதானமான சைக்கிள் வேகம்), 4 மீட்டர் ஆரமுள்ள வட்டம் போட வேண்டுமென்றால் செங்குத்திலிருந்து சுமார் 22 டிகிரி சாய வேண்டும். கேட்பதற்குக் கொஞ்சமாகத்தான் தெரியும். ஒரு காலில், நாலு மில்லிமீட்டரின் ஒரு ஓரத்தில், வழுக்குகிற தரையில் நின்று சாய்ந்து பாருங்கள். அந்த வட்டத்தை முடிக்க ஆறு விநாடிக்கு மேல் ஆகும். குதிப்பதற்கு 0.4 விநாடி, இதற்கு ஆறு. பார்க்கிறவர் கண் வந்து உட்கார இங்கே நேரம் இருக்கிறது.

பெரியவர்களில் பெரும்பாலோரால் முடியாததும் இதுதான். காலில் பலம் இல்லாமல் இல்லை. குதிக்கிறவருக்கு எல்லாம் பலம் உண்டு. சாய மனசு வருவதில்லை. அது உடம்பில் மூன்று இடத்தில் தெரிந்துவிடும். முதலில் முழங்கால். பயந்தவன் முழங்காலை விறைத்துக்கொள்கிறான். தாழ வேண்டுமென்றால் முழங்காலை மடக்காமல் இடுப்பை மடக்குகிறான், நாற்று நடுகிற மாதிரி. அப்புறம் ரெண்டு கால். ஒற்றைக் காலில் போவதாக அவன் நினைத்துக்கொண்டிருப்பான், மற்றக் காலின் நுனி பனியைத் தடவிக்கொண்டே வரும். எல்லாவற்றுக்கும் மேலே கண். தரையைப் பார்ப்பான். நாலைந்து கிலோ எடையுள்ள தலை முன்னால் தொங்கினால் உடம்பு பின்னாலேயே போகும். விழக்கூடாது என்று பார்க்கிற பார்வையே விழ வைக்கும். என் மணிக்கட்டு உடைந்ததும் அப்படித்தான். யார் மேலும் மோதவில்லை, பள்ளம் எதுவும் இல்லை. என் காலை நானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சின்னப் பிள்ளைகளுக்கு இந்தப் பிரச்சினை குறைவு. அவர்கள் தரைக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள், எடை குறைவு, மறுநாள் வேலைக்குப் போக வேண்டியதில்லை. நாற்பது வயதுக்காரரின் பயம் அசட்டுப் பயம் இல்லை, நியாயமான பயம். அதனால்தான் அதே வயதில் ஒருவர் ஒற்றைக் காலில் நிம்மதியாகச் சாய்ந்து போகும்போது நம் கண் அங்கே நிற்கிறது என்று நினைக்கிறேன். அவர் எதைத் தாண்டி அங்கே வந்திருக்கிறார் என்று நம் உடம்புக்குத் தெரியும்.

நான் பார்த்தவர்களில் அப்படி ஒருவர், யாழ்ப்பாணத்துக்கார அக்கா. வயது அறுபதுக்கு மேல். கறுப்புக் கோட்டு, சாதாரண கையுறை. குதிக்க மாட்டார், சுழல மாட்டார். ஒரு மூலையில் எட்டு என்கிற எண்ணின் வடிவத்தில் இரண்டு வட்டம், வலது காலில் ஒன்று, இடது காலில் ஒன்று. ஒரு மணி நேரமும் அதேதான். அவர் போட்ட கோட்டின் மேலேயே திரும்பப் போவார். ஹாக்கிப் பையன்கள்கூட அந்த மூலைக்கு வந்தால் வேகம் குறைத்து ஒதுங்கிப் போனார்கள்.

இது பழைய முறை. ஃபிகர் ஸ்கேட்டிங் என்ற பேரில் உள்ள 'ஃபிகர்' என்பதே இந்த வடிவங்கள்தான். பனியில் வட்டமும் எட்டும் கீறிக் காட்டுவதற்குப் போட்டிகளில் மதிப்பெண் இருந்தது. டிவிக்காரர்களுக்கு அது சலிப்பு. 1990 உலகப் போட்டியோடு அதை எடுத்துவிட்டார்கள். வயதானவர்களுக்குச் சாதகமான ஒரே பகுதி போய்விட்டதே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனாலும் அமெரிக்காவில் 1995 முதல் பெரியவர்களுக்கென்று தேசியப் போட்டி நடக்கிறது. ஜெர்மனியின் ஓபர்ஸ்டார்ஃப் ஊரில் 2005இல் சர்வதேச அளவிலும் தொடங்கினார்கள். வயது வாரியாகப் பிரித்து ஆட விடுவார்கள். விதிவிலக்குகளும் உண்டு. பதினேழு வயதில் காயத்தால் ஆட்டத்தை விட்டுப் பதினாறு வருஷம் கழித்துத் திரும்பி வந்த டியானா ஸ்டெலாட்டோ-டூடெக், 2024இல் மான்ட்ரியலில் தன் 40ஆவது வயதில் ஜோடிப் பிரிவில் உலகப் பட்டம் வாங்கினார். ஆனால் அவரை உதாரணம் காட்டி எங்களை மாதிரி ஆட்களுக்குத் தெம்பு ஊட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வரும். அவர் தொழில்முறை வீரர். நாங்கள் ட்யூஷன் நேரத்து ஆட்கள்.

அந்த அக்கா ஒருநாள் என் கட்டைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் விழுந்த கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "பிள்ளை, நீர் ஏன் கீழ பாக்கிறீர்? ஐஸ் எங்கயும் ஓடிப் போகாது" என்றார். எத்தனை வயதில் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். "அம்பத்திரண்டு. மனுசன் போனாப் பிறகு" என்று சொல்லிவிட்டுத் தகட்டைத் துடைக்க ஆரம்பித்தார். நான் மேலே கேட்கவில்லை.

இதையெல்லாம் இப்போது செஞ்சியில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டாம். ராஜகிரிப் படியில் பத்து மணிக்கு மேல் கை வைக்க முடியவில்லை. இந்தியாவில் இயற்கைப் பனியில் ஆட வேண்டுமென்றால் 1920இல் தொடங்கிய சிம்லா ஆடுகளம் மாதிரி எங்காவது வடக்கே போக வேண்டும். அங்கேயும் திறந்தவெளியில் தண்ணீர் ஊற்றி, ராத்திரிக் குளிரில் உறைந்தால்தான் காலையில் ஆட்டம். நம் பக்கத்துக்கும் பனிக்கட்டிக்கும் இருந்த பழைய உறவு, 1842இல் சென்னைக் கடற்கரையில் கட்டிய ஐஸ் ஹவுஸ். பாஸ்டன் பக்கத்துக் குளங்களில் அறுத்த கட்டிகள் கப்பலில் வந்து அங்கே இறங்கின. வெள்ளைக்காரர்கள் அதைத் தண்ணீரில் போட்டுக் குடித்தார்கள். அதே பனி மேல் அந்த ஊர்க்காரர்கள் ஸ்கேட் கட்டி ஓடினார்கள் என்று இந்த வெயிலில் யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள்.

ஆனால் என் கேள்வியைக் கேட்க செஞ்சி நல்ல இடம். இது வைகாசி, சுற்றுப்பட்டு ஊர்களில் திரௌபதி அம்மன் திருவிழா, பாரதக் கூத்து. பக்கத்தில் மேலச்சேரிக் கோயில்தான் திரௌபதி அம்மனுக்குத் தாய்க்கோயில் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. கூத்தாடுகிறவர்கள் எல்லாம் பெரியவர்கள். பகலில் கழனி வேலை, ராத்திரி கட்டைக் கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிக்கொண்டு விடியும்வரை ஆட்டம். போன வாரம் அம்மாவோடு போய் உட்கார்ந்தேன். வேஷம் ஒன்று திரைக்குப் பின்னாலிருந்து வந்து சலங்கை தெறிக்கச் சுழன்று சுழன்று ஆடியது. இளம் பையன், நல்ல வேகம். அம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் துரியோதனன் வேஷம். ஐம்பது வயதிருக்கும், தொப்பை. நாலு அடி எடுத்து வைத்தார், ஒரு காலில் எடையை இறக்கி, முழங்காலைத் தாழ்த்தி, மற்றக் காலைத் தூக்கியபடி அப்படியே நிறுத்தினார். தாளம் ஒன்று, இரண்டு என்று போய்க்கொண்டிருக்கிறது, கால் கீழே வரவில்லை. அம்மா வெற்றிலையைக் கையில் வைத்தபடி இருந்தாள். எனக்கு அந்த அக்காவின் வட்டம் ஞாபகம் வந்தது. ஒப்பீட்டை ரொம்ப இழுக்கக் கூடாது. கூத்துக்காரர் பத்து வயதிலிருந்து அதில் இருப்பவர், அக்கா ஐம்பத்திரண்டில் வந்தவர். ஆனாலும் ரெண்டு பேரும் எடையை ஒரே காலில் முழுசாகக் கொடுத்துவிட்டு அவசரமில்லாமல் இருந்தார்கள்.

போன பனிக்காலம் நான் திரும்ப இறங்கினேன். முதல் மூன்று வாரம் ஓரத்தை விடவில்லை. மணிக்கட்டில் காப்புறை, முழங்காலில் காப்புறை, மனசில் அம்மா குரல். அப்புறம் அந்த மூலையில் அக்காவின் வட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம். எதிரே இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே போனேன், தரையைப் பார்க்காமல் இருப்பதற்காக. மார்ச் மாதம் ஒருநாள் வலது வெளி விளிம்பில் ஒரு முழு வட்டம் மூடியது. மகள் போனில் பிடித்தாள். 22 டிகிரியெல்லாம் இல்லை, பத்து இருக்கலாம். இடது காலில் இன்னும் வரவில்லை.

நேற்று ராத்திரி அந்த வீடியோவை அம்மாவுக்குக் காட்டினேன். ஸ்கேட்டிங் பற்றி அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. ஐம்பது வருஷம் கூத்து பார்த்த கண் மட்டும் உண்டு. முழுசாகப் பார்த்தாள். "இதுக்கா கைய ஒடச்சிக்கின? சும்மா வட்டம் போடற" என்றாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள். போட்டேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, திரையின் ஓரத்தில் விரலை வைத்தாள்.

"நீ கெடக்கட்டும். பின்னாடி போறாளே, கறுப்புக் கோட்டு. யாருடி அவ?"