ஆண்கள் வாய் திறக்காத நோய்

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த சைக்கிள் பந்தய வீரர் கிறிஸ் ஹோய், ஒலிம்பிக்கில் ஆறு தங்கம் வென்றவர். 2023 செப்டம்பரில் தோள்பட்டை வலிக்காக மருத்துவரிடம் போனார். உடற்பயிற்சிக் கூடத்தில் எடை தூக்கியதில் தசை பிசகியிருக்கும் என்றே அவர் நினைத்தார். ஸ்கேனில் தோளில் ஒரு கட்டி தெரிந்தது. அடுத்தடுத்த பரிசோதனைகளில் அதன் மூலம் புராஸ்டேட் சுரப்பி என்று தெரியவந்தது. அங்கே தொடங்கிய புற்றுநோய் இடுப்பெலும்பு, முதுகெலும்பு, விலா என்று பரவிவிட்டிருந்தது. அப்போது அவருக்கு வயது 47. அவருடைய தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் இதே நோய் வந்திருந்தது. தன் நோய் குணப்படுத்த முடியாத கட்டத்தில் இருக்கிறது என்பதை 2024 அக்டோபரில் அவரே உலகுக்குச் சொன்னார். குடும்பத்தில் இந்த நோய் உள்ள ஆண்களை இளவயதிலேயே பரிசோதிக்க வேண்டும் என்று அன்றிலிருந்து வலியுறுத்தி வருகிறார்.

தோள்வலிக்குப் போய் இந்த நோயோடு திரும்புவது அபூர்வம் என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டில் புராஸ்டேட் புற்றுநோயாளிகளில் கணிசமானவர்கள் நோய் எலும்புக்குப் பரவிய பிறகுதான் மருத்துவமனைக்கு வருகிறார்கள். இடுப்பு வலித்தால் ‘வயசாயிடுச்சு, தேய்மானம்’ என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். தைலம், சுடுநீர் ஒத்தடம், வலி மாத்திரை, பிறகு எலும்பு மருத்துவர். இதற்குள் மாதங்கள் ஓடிவிடுகின்றன.

சிறுநீரகவியல் மருத்துவரின் அறையில் அடிக்கடி நடக்கும் ஒன்று உண்டு. என்ன தொந்தரவு என்று மருத்துவர் கேட்பார். ‘ஒண்ணுமில்ல சார், சும்மா செக்கப்’ என்பார் கணவர். பக்கத்தில் இருக்கும் மனைவிதான், ‘ராத்திரி நாலஞ்சு தடவை எந்திரிக்கிறார் டாக்டர், போனா கால் மணி நேரம் வர்றதில்ல’ என்று சொல்வார். இந்த நோயில் பாதிச் சிக்கல் இந்தக் கூச்சத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

புராஸ்டேட், சிறுநீர்ப்பைக்குக் கீழே பெரிய நெல்லிக்காய் அளவில் சிறுநீர்க் குழாயைச் சுற்றி அமைந்த சுரப்பி. விந்தில் கலக்கும் திரவத்தின் ஒரு பகுதியைச் சுரப்பது இதன் வேலை. வயது ஏற ஏற இது பெருக்கும். பெருத்த சுரப்பி குழாயை நெருக்குவதால் சிறுநீர் மெல்லிய தாரையாக வரும், சொட்டும், அடிக்கடி எழ வைக்கும். இது புற்றுநோய் அல்ல. பெரும்பாலும் புற்றுநோய் தொடங்குவது குழாயிலிருந்து விலகிய வெளிப்பகுதியில். அதனால் ஆரம்பத்தில் அது குழாயை நெருக்குவதில்லை, ஆளுக்கு எதுவும் தெரிவதுமில்லை. தொந்தரவு உள்ளவர்களில் பலருக்குப் புற்றுநோய் இருக்காது. தொந்தரவே இல்லாத ஒருவருக்கு இருக்கலாம்.

இந்த இடத்தில்தான் பிஎஸ்ஏ என்ற ரத்தப் பரிசோதனை வருகிறது. புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது. அமெரிக்காவில் 1986-ல், ஏற்கெனவே நோய் உள்ளவர்களைக் கண்காணிக்கவே இதற்கு முதலில் அனுமதி கிடைத்தது. நோயைக் கண்டுபிடிக்க உதவும் சோதனையாக 1994-ல் ஏற்கப்பட்டது. நம் ஊரில் ‘மாஸ்டர் ஹெல்த் செக்கப்’ தொகுப்புகளில் ஐம்பது கடந்த ஆண்களுக்கு இது பல நேரம் கேட்காமலே சேர்ந்துவிடுகிறது. சர்க்கரை, கொழுப்பு எண்களுக்குக் கீழே ஒரு வரி. பக்கத்தில் 4 வரை இயல்பு என்ற குறிப்பு. 5.8 என்று தடித்த எழுத்தில் இருந்தால் அன்றிரவு அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை.

அந்த எண்ணைப் பற்றி, ரத்தம் கொடுப்பதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியவை சில உண்டு. வயதால் பெருத்த புராஸ்டேட்டும் பிஎஸ்ஏவை உயர்த்தும். சிறுநீர்த் தொற்று இருந்தாலும், அண்மையில் சிறுநீர் டியூப் போட்டிருந்தாலும், இரண்டு நாளுக்குள் விந்து வெளியேறியிருந்தாலும்கூட எண் கூடலாம். அதனால் ஒரு முறை கூடிவிட்டால் தொற்று இருக்கிறதா என்று பார்த்து, சில வாரம் கழித்து மறுபடி எடுப்பதே முறை. இதற்கு நேர்மாறான இன்னொன்றும் உண்டு, அதைப் பலர் மருத்துவரிடம் சொல்வதில்லை. புராஸ்டேட் வீக்கத்துக்குக் கொடுக்கும் ஃபினாஸ்டிரைட், டூட்டாஸ்டிரைட் மாத்திரைகளைச் சில மாதங்கள் தொடர்ந்து சாப்பிட்டால் பிஎஸ்ஏ ஏறக்குறைய பாதியாகிவிடும். அந்த மாத்திரை சாப்பிடுபவரின் 3, உண்மையில் 6-க்குச் சமம். முடி கொட்டாமல் இருக்கச் சாப்பிடும் ஃபினாஸ்டிரைடுக்கும் இது பொருந்தும். ரத்தம் கொடுக்கும்போது மாத்திரைச் சீட்டையும் காட்டிவிடுங்கள்.

எண்ணைப் பார்த்துப் பதறாமல் அதைப் படிக்க உட்கார்ந்தவர் ஆண்டி குரோவ், இன்டெல் நிறுவனத்தின் தலைவராக இருந்தவர். முதலில் 5 என்று வந்த பிஎஸ்ஏ பிறகு 6-ஐத் தாண்டியது. திசுத் துணுக்கை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸியில் புற்றுநோய் உறுதியானது. அறுவைச் சிகிச்சை நிபுணர்கள் அறுவை என்றார்கள், கதிர்வீச்சு நிபுணர்கள் கதிர்வீச்சு என்றார்கள். அவர் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படித்து, ஒவ்வொரு சிகிச்சையின் விளைவுகளையும் வரைபடமாகப் போட்டு ஒப்பிட்டு, கதிர்வீச்சைத் தேர்ந்தெடுத்தார். 1996 மே மாதம் ஃபார்ச்சூன் இதழின் அட்டைப்படக் கட்டுரையாக அதையெல்லாம் எழுதினார். ஒரு பெரிய நிறுவனத்தின் தலைவர் தன் புராஸ்டேட்டைப் பற்றி வெளிப்படையாக எழுதியது அந்தக் காலத்துக்கு மிகப் புதிது. அதற்குப் பிறகு 20 ஆண்டுகள் வாழ்ந்து 2016-ல் காலமானார். எல்லோராலும் அவரைப்போல் ஆய்வுகளைப் படித்துவிட முடியாது. ஆனால் இரண்டாவது மருத்துவரிடம் கருத்துக் கேட்பது எல்லோராலும் முடியும். ஆரம்பநிலைப் புராஸ்டேட் புற்றுநோய் பெரும்பாலும் மெதுவாக வளர்வது. யோசிக்கச் சில வாரங்கள் எடுத்துக்கொள்வதால் ஒன்றும் கெட்டுவிடாது.

முன்பெல்லாம் பிஎஸ்ஏ கூடியதும் நேரே பயாப்ஸிதான். 2018-ல் வெளியான ‘பிரிசிஷன்’ என்ற ஆய்வு அதை மாற்றியது. முதலில் எம்ஆர்ஐ ஸ்கேன் எடுத்தவர்களில் 28 சதவீதம் பேருக்கு பயாப்ஸியே தேவைப்படவில்லை. அதே சமயம் ஆபத்தான புற்றுநோய்கள் கூடுதலாகப் பிடிபட்டன. எனவே எம்ஆர்ஐ எடுக்காமல் நேரே பயாப்ஸிக்குத் தேதி கொடுத்தால், ஏன் என்று கேளுங்கள்.

பயாப்ஸியில் ஆசனவாய் வழியாக ஒரு ஸ்கேன் கருவியைச் செலுத்தி, அதைப் பார்த்துக்கொண்டே ஊசியால் பன்னிரண்டு அல்லது அதற்கு மேலான துணுக்குகளை எடுப்பார்கள். ஒவ்வொரு துணுக்குக்கும் ‘டப்’ என்று ஒரு சத்தம் வரும். மரத்துப்போக ஊசி போட்டிருந்தாலும் அந்தச் சத்தத்துக்கு உடம்பு தூக்கிவாரிப் போடும். பிறகு சில நாள் சிறுநீரில் ரத்தம் கலந்து வரும். விந்தில் சில வாரங்களுக்குச் சிவப்போ பழுப்போ தெரியும். இதை முன்கூட்டிச் சொல்லாததால் மிரண்டுபோய் யாரிடமும் கேட்காமல் தவிக்கும் ஆண்கள் உண்டு. அது தானாகச் சரியாகிவிடும். ஆனால் குளிர் காய்ச்சல் வந்தால் அப்படி விடக் கூடாது. இரவானாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அந்தத் துணுக்குகளைப் பார்த்துத் தருவதுதான் கிளீசன் மதிப்பெண். 6 என்றால் மந்தமானது. 9, 10 என்றால் மூர்க்கமானது. அறிக்கையைக் கையில் வாங்கியதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி இந்த எண்தான்.

இதற்குப் பிறகு வருவது, நம் குடும்பங்களுக்கு ஏற்றுக்கொள்ளக் கடினமான பகுதி. புற்றுநோய் என்று தெரிந்த பிறகும் சிகிச்சை செய்யாமல் கண்காணித்து மட்டும் வரலாம் என்றால், ‘பணம் இல்லையென்று நினைத்தாரா டாக்டர்?’ என்று கோபப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். பிரிட்டனில் நடந்த ‘புரொடெக்ட்’ ஆய்வைப் பாருங்கள். சுரப்பியைத் தாண்டாத புற்றுநோய் இருந்த 1,643 ஆண்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு அறுவை, ஒரு பிரிவுக்குக் கதிர்வீச்சு, ஒரு பிரிவுக்குக் கண்காணிப்பு மட்டும். 15 ஆண்டுகள் கழித்து, 2023-ல் வந்த முடிவின்படி, இந்த நோயால் இறந்தவர்கள் மொத்தத்தில் 3 சதவீதத்துக்கும் குறைவு. மூன்று பிரிவுகளுக்கும் இடையே இதில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. கண்காணிப்பில் இருந்தவர்களுக்கு நோய் வேறு இடங்களுக்குப் பரவுவது மட்டும் கூடுதலாக இருந்தது: 9.4 சதவீதம், மற்ற இரண்டு பிரிவுகளிலும் 5 சதவீத அளவு. அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் காலப்போக்கில் சிகிச்சைக்கு மாறினார்கள். அதாவது, கண்காணிப்பு என்றால் கைவிடுவது என்று பொருளில்லை. பிஎஸ்ஏ, எம்ஆர்ஐ, தேவைப்பட்டால் மறு பயாப்ஸி என்று ஒழுங்காகத் திரும்பி வருகிறவருக்கே அது பொருந்தும். ஒருமுறை தப்பித்தோம் என்று ஊருக்குப் போய் மறந்துவிடுகிறவருக்குப் பொருந்தாது.

சிகிச்சையை அவசரப்பட்டு எடுக்க வேண்டாம் என்பதற்குக் காரணம் அதன் பின்விளைவுகள். அதே ஆய்வில், அறுவை முடிந்த ஆறாவது மாதத்தில் 46 சதவீதம் பேர் சிறுநீர்க் கசிவுக்குப் பேட் வைத்திருந்தார்கள்; ஆறாவது ஆண்டில் 17 சதவீதம். உடலுறவுக்குப் போதுமான விறைப்பு, அறுவைக்குப் பின் ஆறாவது மாதத்தில் 12 சதவீதம் பேருக்கே இருந்தது. பிறகு சிலருக்குத் திரும்பியது, பலருக்கு இல்லை. ரோபோ மூலம் அறுவை செய்தாலும் இந்த இரண்டைப் பற்றியும் கேட்டே ஆக வேண்டும்.

வீட்டில் இந்தக் கசிவு எப்படி இருக்கும் என்றால், அறுவைக்குப் பின் சிறுநீர் டியூபை எடுத்த முதல் நாள் இருமினால், சிரித்தால், நாற்காலியிலிருந்து எழுந்தால் சில சொட்டு வந்துவிடும். வேட்டி கட்டுவதை நிறுத்திவிடுவார்கள். கல்யாண வீட்டுக்குப் போனதும் கழிப்பறை எங்கே என்றுதான் முதலில் கண் தேடும். மருந்துக் கடையில் டயப்பர் கேட்கக் கூசி மகளை அனுப்புவார்கள், அல்லது மகளிடம்கூடச் சொல்லாமல் வெளியே போவதையே விட்டுவிடுவார்கள். சிறுநீரைப் பாதியில் அடக்கும்போது எந்தத் தசையை இறுக்குகிறோமோ அதை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி ஒன்று இருக்கிறது. அதை அறுவைக்கு முன்பே பழகிக்கொண்டால் பலன் கூடும். கசிவு பெரும்பாலானவர்களுக்கு மாதங்களில் குறைகிறது. விறைப்புக்கும் மாத்திரை, ஊசி, கருவி என்று வழிகள் உள்ளன. மனைவியும் கணவரும் சேர்ந்து மருத்துவரிடம் பேச வேண்டிய விஷயம் இது.

நோய் பரவிவிட்டவர்களுக்கும் கதவு மூடிவிடவில்லை. ஆண் ஹார்மோனே இந்தப் புற்றுநோய்க்குத் தீனி என்று 1941-ல் சார்லஸ் ஹகின்ஸ் கண்டறிந்தார். அதற்காக 1966-ல் நோபல் பரிசு பெற்றார். இன்றுவரை சிகிச்சையின் அடிப்படை அதுதான். மாதம் ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ ஊசி போட்டு அந்த ஹார்மோனை நிறுத்துகிறார்கள். ஊசிக்குப் பணம் கட்ட முடியாதவர்களுக்கும், ஊரிலிருந்து அடிக்கடி வர முடியாதவர்களுக்கும் விரைகளை நீக்கும் சிறு அறுவை உண்டு. நம் மருத்துவமனைகளில் இது இன்றும் பரவலாக நடக்கிறது. பலனில் ஊசிக்குக் குறைந்ததல்ல. ஆனாலும் இதைக் கேட்டதும் இடிந்துபோகாத ஆண் இல்லை. ஊசியோ அறுவையோ, பிறகு திடீர் திடீரென்று உடம்பு கொதித்து வியர்க்கும். மாதவிடாய் நிற்கும் வயதில் மனைவி பட்ட அவதி இதுதான் என்று அப்போதுதான் பலருக்குப் புரியும். மார்பு பெருக்கலாம், எலும்பு மெலியும், மனம் சோரும். நடையும் தசைப்பயிற்சியும் இந்தச் சோர்வைக் குறைக்கும். அந்த ஹார்மோனை அடக்கும் அபிராட்டிரோன் போன்ற மாத்திரைகளை இந்திய நிறுவனங்கள் தயாரிப்பதால் விலை வெகுவாகக் குறைந்திருக்கிறது. இந்த நோயோடு நெடுநாள் வாழ்ந்தவர்களும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் பேராயர் டெஸ்மண்ட் டூட்டுவுக்கு இந்த நோய் தெரிந்தது 1997-ல். 2021 டிசம்பரில், 90 வயதில்தான் அவர் மறைந்தார்.

இந்த நோயை மறைப்பது ஏழை, படிக்காதவர் பழக்கம் என்று எண்ண வேண்டாம். அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சராக இருந்த லாயிட் ஆஸ்டின் 2023 டிசம்பரில் இதற்காக அறுவை செய்துகொண்டார். ஜனவரி முதல் நாள் தொற்று முற்றி மீண்டும் மருத்துவமனையில் சேர்ந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். அவர் மருத்துவமனையில் இருப்பதே ஜனாதிபதிக்குச் சில நாள் தெரியாது. பிறகு அவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

அப்படியானால் எல்லா ஆண்களும் பிஎஸ்ஏ எடுக்கத்தான் வேண்டுமா? ஐரோப்பாவில் 1,60,000-க்கும் மேற்பட்ட ஆண்களை 23 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு, 2025-ல் ஒரு பதில் தந்தது. பரிசோதனைக்கு அழைக்கப்பட்டவர்களிடம் இந்த நோயால் நேரும் மரணம் 13 சதவீதம் குறைந்தது. 456 பேரை அழைத்தால் ஓர் உயிர் காக்கப்படுகிறது. ஆனால் ஆயுள் முழுக்கத் தெரியாமலே போயிருக்கக்கூடிய மந்தமான நோயும் பலருக்குக் கண்டுபிடிக்கப்படுகிறது. அதனால்தான் பல நாடுகள் எல்லோருக்கும் கட்டாயம் என்று சொல்லத் தயங்குகின்றன. நம் அரசுத் திட்டங்களும் வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்களையே தேடுகின்றன; புராஸ்டேட் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே முடிவு உங்கள் கையில்தான் இருக்கிறது. சோதனை எடுங்கள், ஆனால் எண் கூடினால் அடுத்து என்ன என்பதை மருத்துவரிடம் முதலிலேயே பேசிவிட்டு எடுங்கள் என்பதே நான் சொல்ல விரும்புவது. 50 முதல் 69 வயதுவரை இதற்குப் பலன் உண்டு. எழுபதுக்கு மேல், தொந்தரவு இல்லாதவர்களுக்குப் பலன் குறைவு.

அப்பா, சித்தப்பா, பெரியப்பா, அண்ணன் என்று யாருக்காவது இந்த நோய் இருந்திருந்தால் ஐம்பது வரை காத்திருக்க வேண்டாம். 45-லேயே மருத்துவரைப் பாருங்கள். அம்மா வழியில் இளவயதில் மார்பக, சினைப்பைப் புற்றுநோய் வந்திருந்தாலும் அதைச் சொல்லுங்கள், ஒரே மரபணுக் கோளாறு இரண்டுக்கும் காரணமாக இருக்கலாம். இந்த நோய் உங்களுக்கு இருக்கிறதென்றால் உங்கள் மகன்களிடமும் தம்பிகளிடமும் இந்த வாரமே சொல்லிவிடுங்கள். நீங்கள் சொன்னால்தான் அவர்கள் நேரத்தோடு பரிசோதித்துக்கொள்ள முடியும்.