கடைசியாகச் சேர்ந்தவரும் பேசட்டும்

எங்கள் சபையின் வாட்ஸ்அப் ஜெபக் குழுவைக் கவனித்துக்கொள்வது நான்தான். ஒருவர் ஆபரேஷனுக்காக ஜெபிக்கச் சொல்வார். அதற்கு அடுத்த பதிவிலேயே குழந்தை ஞானஸ்நானம் சரியா, தவறா என்று வாக்குவாதம் மூளும். அட்மின் மட்டும் எழுதலாம் என்று பூட்டிவிடச் சிலர் சொல்கிறார்கள். அப்படிச் செய்தால் வேதனையில் இருப்பவர் யாரிடம் போய்ச் சொல்வார்?

6ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் புனித பெனடிக்ட் தம் துறவிகளுக்காக 73 அத்தியாயங்களில் ஓர் ஒழுங்குமுறை எழுதினார். முக்கியமான காரியம் என்றால் மடத்தலைவர் எல்லோரையும் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டும் என்கிறது 3ஆம் அத்தியாயம். பல நேரம் கடவுள் நல்ல வழியை இளையவருக்கே காட்டுகிறார் என்பது அதற்கு அவர் சொல்லும் காரணம். பேசுபவர் பணிவோடு பேச வேண்டும், பிடிவாதம் கூடாது. முடிவெடுப்பது தலைவர், ஆனால் அவரும் அதே ஒழுங்குக்குக் கட்டுப்பட்டவர்.

கண்டிக்கும் முறையை மத்தேயு 18ஆம் அதிகாரம் வகுத்துத் தருகிறது: முதலில் தனியாக, பிறகு ஓரிருவரோடு, அதன்பின் சபையில். நாங்களும் அப்படித்தான். யாராவது ஆளைத் திட்டினால் பதிவை நீக்கிவிட்டு, போனில் காரணம் சொல்கிறேன். தொடர்ந்தால் ஒரு மூப்பரும் நானும் நேரில் போய்ப் பேசுகிறோம். அனுமதியின்றி யாருடைய மெடிக்கல் ரிப்போர்ட்டையும் போடக் கூடாது. கேள்வி கேட்டதற்காக யாரையும் வெளியேற்றுவதில்லை.

விதிகள் குழுவின் முகப்பிலேயே எழுதப்பட்டிருக்கின்றன. அவை அட்மினையும் கட்டுப்படுத்தினால்தான் மற்றவர்கள் மனம் திறந்து பேசுவார்கள்.