தோமா காத்திருந்த எட்டு நாட்கள்

கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் மின்சார ரயிலில், பரங்கிமலையைத் தாண்டி ஆறாவது நிறுத்தம் தாம்பரம் சானடோரியம். காலை நேரத்தில் அங்கே இறங்குபவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? சிலர் கையில் டிபன் கேரியர், பிளாஸ்க், பெரிய எக்ஸ்ரே கவர் இருக்கும். அவர்கள் வீட்டில் யாரோ ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். அந்தப் பைக்குள் ஒரு ஜெபமாலையோ, ஓரம் மடங்கிய சின்ன பைபிளோ இருந்தாலும் ஆச்சரியமில்லை.

இப்படி மாதக்கணக்கில் நடப்பவர்களின் மனதில் ஒரு கேள்வி இருக்கும். வெளியே கேட்கத் தயக்கமாகவும் இருக்கும். 'இவ்வளவு ஜெபித்தும் ஆண்டவர் ஏன் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை?'

கேட்டால் என்ன பதில் வரும் என்று அவர்களுக்குத் தெரியும். "உங்களுக்கு விசுவாசம் போதவில்லை." "ஏதோ ஒரு பாவம் தடையாக நிற்கிறது." "எல்லாம் நன்மைக்கே." சொல்பவர்கள் அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் கேட்பவருக்கு நோயின் பாரத்தோடு குற்ற உணர்வும் சேர்ந்துகொள்கிறது. முதலில் கேள்வி கேட்பதை நிறுத்துகிறார். சில மாதங்களில் ஆலயத்துக்கு வருவதையும் நிறுத்திவிடுகிறார்.

அவர் தினமும் கடந்துபோகும் பரங்கிமலைக்கே இதைப் பற்றிச் சொல்ல ஒரு கதை இருக்கிறது.

சந்தேகப்பட்டவரின் மலை

இயேசுவின் சீடரான தோமா, கி.பி. 72-ல் இந்த மலையில் கொல்லப்பட்டார் என்பது கிறிஸ்தவ மரபு. 1523-ல் போர்த்துக்கீசியர் கட்டிய ஆலயம் உச்சியில் இருக்கிறது. நம் ஊருக்கு நற்செய்தியைக் கொண்டுவந்தவர் என்று நாம் போற்றும் இந்தச் சீடருக்கு உலகம் கொடுத்த பட்டப்பெயர், 'சந்தேகத் தோமா'.

உயிர்த்தெழுந்த இயேசு சீடர்களுக்குத் தோன்றியபோது தோமா அங்கே இல்லை. மற்றவர்கள் சொல்லியும் அவரால் ஏற்க முடியவில்லை. காயங்களைத் தொட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்றார். இயேசு மறுபடி வந்தது எட்டு நாட்கள் கழித்துத்தான்.

அந்த எட்டு நாட்களில் என்ன நடந்தது என்று யோவான் எழுதவில்லை. ஆனால் எட்டாம் நாளில் தோமா மற்ற சீடர்களோடு வீட்டுக்குள் இருந்தார் என்று எழுதியிருக்கிறார். நம்ப முடியாதவர் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. நம்பியவர்களும் அவரை வெளியே அனுப்பவில்லை. பதில் வந்தபோது அதைக் கேட்க அவர் அங்கே இருந்ததற்கு இந்த இரண்டுமே காரணம்.

முறையிடுவதும் ஜெபம்தான்

கடவுளிடம் கோபப்படுவது பாவம் என்று பலர் பயப்படுகிறார்கள். பைபிள் அப்படிப் பயப்படவில்லை. 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். 88-ம் சங்கீதம் ஆறுதல் எதுவும் இல்லாமல் இருட்டிலேயே முடிகிறது. அதையும் யாரும் நீக்கவில்லை. இன்றுவரை வாசிக்கிறோம். சிலுவையில் தொங்கிய இயேசுவே, தன்னை ஏன் கைவிட்டீர் என்று பிதாவைக் கேட்டது 22-ம் சங்கீதத்தின் வார்த்தைகளால்தான்.

யோபுவின் கதையிலும் இதே பாடம் இருக்கிறது. அவரைப் பார்க்க வந்த நண்பர்கள் முதல் ஏழு நாளும் தரையில் உட்கார்ந்து, பேசாமல் அவரோடு இருந்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான். வாய் திறந்ததும், 'நீ ஏதோ தப்பு செய்திருப்பாய்' என்று ஆரம்பித்துவிட்டார்கள். 38-ம் அதிகாரத்தில் கடவுள் யோபுவிடம் பேசுகிறார். துன்பத்தின் காரணத்தை அப்போதும் சொல்லவில்லை. ஆனால் கடைசியில் அவர் கோபித்துக்கொண்டது விளக்கம் சொன்ன நண்பர்களிடம். தன்னைப் பற்றிச் சரியாகப் பேசியவன் என்று சொன்னது, முறையிட்ட யோபுவை.

மருந்து வருவதற்கு முன்

சானடோரியத்துக்குத் திரும்புவோம். டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928-ல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கியது அது. காசநோயைக் குணப்படுத்தும் ஸ்ட்ரெப்டோமைசின் 1943-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அதுவரை நோயாளிக்குக் கொடுக்க முடிந்தவை பெரும்பாலும் நல்ல காற்று, வெளிச்சம், ஓய்வு, சத்தான சாப்பாடு, பக்கத்தில் ஓர் ஆள்.

1990-களில் ஹெச்.ஐ.வி. பாதித்தவர்கள் அதே மருத்துவமனைக்கு வரத் தொடங்கினார்கள். சொந்தக்காரர்களே தொடத் தயங்கிய காலம். அரசின் இலவச ஏ.ஆர்.டி. மருந்துத் திட்டம் 2004 ஏப்ரலில்தான் வந்தது. அதற்கு முன்பும் அங்கே படுக்கை விரித்தார்கள், காய்ச்சல் பார்த்தார்கள். பதில் கையில் இல்லாத காலத்திலும் பக்கத்தில் இருக்க முடியும் என்பதை இந்த வார்டுகள் இரண்டு முறை பார்த்திருக்கின்றன.

எட்டாம் நாள் வராவிட்டால்?

எல்லோருக்கும் எட்டாம் நாளில் பதில் வந்துவிடுகிறதா? இல்லை. கல்கத்தாவின் ஏழைகள் நடுவில் 1948-ல் பணியைத் தொடங்கிய அன்னை தெரசாவுக்குள், ஏறக்குறைய அப்போதே ஒரு வெறுமையும் தொடங்கியது. கடவுள் தன்னோடு இருக்கிறார் என்ற உணர்வே இல்லை. நடுவில் சிறிது காலம் தவிர, 1997-ல் இறக்கும்வரை அப்படித்தான். தன் ஆன்மிக வழிகாட்டிகளுக்கு எழுதி, அழித்துவிடும்படி கேட்டுக்கொண்ட கடிதங்கள் 2007-ல் புத்தகமாக வந்தபோது உலகம் இதைப் பரவலாக அறிந்தது. அந்த வெறுமையோடுதான் அவர் தினமும் காலையில் ஜெபித்தார், பிறகு தெருவில் கிடந்தவர்களைத் தேடிப் போனார். இவ்வளவும் தெரிந்த பிறகே 2016-ல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. ஒன்றும் உணராமல் ஜெபிப்பது விசுவாசக் குறைவு என்றால், அவருக்கு அந்தப் பட்டம் கிடைத்திருக்காது.

இந்த வாரம் என்ன செய்யலாம்?

துன்பத்தில் இருப்பவர் நீங்கள் என்றால், அழகான வார்த்தைகள் தேட வேண்டாம். மனதில் இருப்பதை அப்படியே ஆண்டவரிடம் சொல்லுங்கள். ஜெபிக்கவே முடியவில்லையா? ஆலயத்தில் கடைசி பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருங்கள். மற்றவர்கள் உங்களுக்காகவும் பாடட்டும். ஜெபிப்பதால் மருந்தை நிறுத்தாதீர்கள். தூக்கமே இல்லை, வாழவே பிடிக்கவில்லை என்ற நிலை வந்தால் 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணில் பேசுங்கள். அதுவும் ஆண்டவர் காட்டும் வழிதான்.

பார்க்கப் போகிறவர் நீங்கள் என்றால், விளக்கத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். கஞ்சி கொண்டு போகலாம். இரவுத் துணைக்கு உட்காரலாம். அவர்கள் பிள்ளைகளை டியூஷனிலிருந்து அழைத்து வரலாம். "எனக்கும் புரியவில்லை, ஆனால் நான் இருக்கிறேன்" என்று சொன்னால் போதும்.

அடுத்த முறை ரயில் பரங்கிமலையில் நிற்கும்போது, மேலே இருக்கும் ஆலயத்தை ஒருமுறை பாருங்கள். 'நான் நம்ப மாட்டேன்' என்று சொன்னவருக்கும் சீடர்கள் அந்த வீட்டில் எட்டு நாள் இடம் வைத்திருந்தார்கள். உங்கள் பக்கத்து பெஞ்சில் இந்த ஞாயிற்றுக்கிழமை யார் வரவில்லை என்று பார்த்து, ஒரு போன் செய்யுங்கள்.