பிள்ளையைத் திருப்பித் தந்த ஊர்

'காசியில் வாசி அவிநாசி' என்று எங்கள் கொங்கு நாட்டில் ஒரு சொலவடை உண்டு. காசிக்குப் போக வசதியில்லாதவர்கள் அவிநாசிக்குப் போய் வந்தால் பாதிப் புண்ணியமாவது வந்து சேரும் என்று எங்கள் அமுச்சி அதற்கு அர்த்தம் சொல்லுவார். காசி விசுவநாதரின் வேரிலிருந்து கிளைத்து வந்த லிங்கம் இது என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. கோயிலுக்குள்ளேயே காசிக் கிணறு என்று ஒரு தீர்த்தமும் இருக்கிறது. விநாசம் என்றால் அழிவு. அவிநாசி என்றால் அழிவே இல்லாதவர். அந்தப் பெயர்தான் சுவாமிக்கும், சுவாமியால் ஊருக்கும் வந்தது.

கோயமுத்தூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். கோவைக்காரர்களுக்கு அவிநாசி என்றதும் முதலில் ஞாபகம் வருவது அவிநாசி ரோடுதான். ஆஸ்பத்திரி, காலேஜ், ஜவுளிக்கடை எல்லாம் அந்த ரோட்டில்தானே! ரோட்டின் பெயரைத் தினம் நாலு தடவை சொல்லியும், அது போய்ச் சேருகிற ஊரில் என்ன இருக்கிறது என்று தெரியாத பெண்கள் நிறையப் பேர். 2009ல் திருப்பூர் தனி ஜில்லா ஆனபோது அவிநாசியும் அதோடு போய்விட்டது. ஆனாலும் கோவைக்காரர்களுக்கு அது இன்னமும் நம்ம ஊர்க் கோயில்தான். பிள்ளைகளுக்கு அவிநாசியப்பன், அவிநாசிலிங்கம் என்றும், பெண்ணுக்குக் கருணாம்பாள் என்றும் பெயர் வைக்கிற குடும்பங்கள் எத்தனையோ. 1957ல் கோவையில் பெண்களுக்காக மனையியல் கல்லூரி தொடங்கிய தி.சு.அவிநாசிலிங்கம் செட்டியார் பெயரிலும் இந்தச் சுவாமிதான் இருக்கிறார். நம்மில் எத்தனை பேர் வீட்டுப் பெண்கள் அங்கே படித்து, சத்துணவு, குழந்தை வளர்ப்பு என்று கற்றுக்கொண்டு வந்திருக்கிறார்கள்!

ஊரின் பழைய பெயர் திருப்புக்கொளியூர். சிவபெருமான் அக்கினித் தாண்டவம் ஆடியபோது, அந்த வெப்பம் தாங்க முடியாத தேவர்கள் இங்கே வந்து புகுந்து ஒளிந்துகொண்டார்களாம். புக்கு ஒளிந்த ஊர், புக்கொளியூர். தேவர்களுக்கே ஒளிந்துகொள்ள இடம் வேண்டியிருந்தது என்பதைக் கேட்கும்போது எனக்குச் சிரிப்பாக வரும். அடுப்பு வெக்கையில் நிற்கிற நமக்குத்தான் அந்தக் கஷ்டம் புரியும்!

அம்மன் கருணாம்பிகை, சுவாமிக்கு வலது பக்கத்தில் தனிச் சந்நிதியில் இருக்கிறாள். வீட்டில் நம் பேச்சுக்கு வலது கை மரியாதை கிடைக்கிறதோ இல்லையோ, அவளுக்கு இங்கே கிடைத்திருக்கிறது. அவள் சந்நிதியைச் சுற்றி வரும்போது பின்பக்கச் சுவரில் கல்லில் செதுக்கிய ஒரு தேள் இருக்கும். பார்க்காமல் வந்துவிடாதீர்கள். தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிறவர்கள், விஷக்கடி அண்டக்கூடாது என்று அதைக் கும்பிட்டுப் போவது வழக்கம். (கும்பிடுவது சரிதான். கொட்டிவிட்டால் மட்டும், அதுவும் சின்னக் குழந்தையைக் கொட்டிவிட்டால், நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.) ஸ்தல விருட்சம் பாதிரி மரம். கொங்குச் சோழர் காலத்துக் கல்வெட்டுகளும் கோயிலில் உண்டு.

அவிநாசியின் பெயரை நாடெல்லாம் பரப்பியது சுந்தரமூர்த்தி நாயனார் பாடிய பத்துப் பாட்டு. தேவாரத்தின் ஏழாம் திருமுறை முழுவதும் அவருடையது. அதிலே 92-வது பதிகம் அவிநாசிக்கு. காலம் எட்டாம் நூற்றாண்டு வாக்கில் என்று சொல்கிறார்கள். அந்தப் பாட்டுக்குப் பின்னாலுள்ள சம்பவத்தைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரிவாகச் சொல்லி வைத்தார். கதை தெரிந்தவர்களும் இன்னொரு தரம் கேளுங்கள். ஒரு முக்கியமான இடம் பேச்சில் விட்டுப்போய்விடுவது வழக்கம்.

சுந்தரர் தம் சிநேகிதர் சேரமான் பெருமாளைப் பார்க்க மலைநாட்டுக்குப் புறப்பட்டார். சோழ நாட்டிலிருந்து போகிறவர்கள் கொங்கு நாட்டைத் தாண்டிப் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத்தானே போக வேண்டும்? வழியில் புக்கொளியூர். ஒரு தெருவில் நுழைகிறார். ஒரு வீட்டில் மேளதாளம். எதிர் வீட்டில் அழுகுரல். என்ன விஷயம் என்று விசாரிக்கிறார். இரண்டு வீட்டிலும் ஒரே வயதில் பிள்ளைகள். ஐந்து வயதிலே இரண்டு பேரும் சேர்ந்து மடுவில் குளிக்கப் போனார்கள். ஒருவனை முதலை விழுங்கிவிட்டது. தப்பி வந்த பிள்ளைக்கு இன்று பூணூல் கல்யாணம். அந்த மேளச் சத்தத்தைக் கேட்டு, 'நம்ம பிள்ளைக்கும் இன்னிக்கு நடந்திருக்குமே' என்று எதிர் வீட்டுத் தாய் அழுகிறாள்.

இந்த இடத்தை அம்மாக்களுக்கு விளக்கவே வேண்டாம். பிள்ளை போன அன்றைக்கு ஊரே கூட அழும். அதற்கப்புறம் பக்கத்து வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடம் போகிற அன்றைக்கும், பல் விழுகிற அன்றைக்கும், புதுச் சட்டை போடுகிற அன்றைக்கும் அழுவது அவள் ஒருத்திதான்.

சுந்தரர் வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் அந்தப் புருஷனும் பெண்சாதியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்த முகமாக ஓடி வந்து அவர் காலில் விழுகிறார்கள். அவர்களைப் பார்த்து சுந்தரர் நேரடியாகவே கேட்கிறார், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் நீங்கள்தானா என்று. அதெல்லாம் முன்பே நடந்து முடிந்த விஷயம், உங்களைத் தரிசிக்க வேண்டுமென்று வெகு நாளாக ஆசைப்பட்டோம், எங்கள் பாக்கியம், வந்துவிட்டீர்கள் என்கிறார்கள் அவர்கள். பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை யாசிக்கவில்லை. பேச்சில் விட்டுப்போகிறது என்று சொன்னேனே, அது இதுதான்.

சுந்தரர் மனம் தாங்கவில்லை. இந்தப் பிள்ளையை மீட்டுக் கொடுத்த பிறகுதான் அவிநாசியப்பனைக் கும்பிடுவேன் என்று முடிவு செய்கிறார். கோயிலுக்குப் போகிற காலை மடுவின் பக்கம் திருப்புகிறார். கரையில் நின்று பாடுகிறார். நாலாவது பாட்டிலே சுவாமியிடமே உரிமையோடு சண்டை போடுகிற மாதிரி, முதலையையும் எமனையும் பிள்ளையைத் தரச் சொல்லும்படி கேட்கிறார். தம்பிரான் தோழர் என்று அவருக்குப் பெயர். சிநேகிதனிடம் கேட்கிறவருக்குத் தயக்கம் ஏது? மடுவில் தண்ணீர் புரண்டு, முதலை கரைக்கு வந்து பிள்ளையை உமிழ்ந்தது. ஐந்து வயதில் போன பிள்ளை ஐந்து வயதாகவே வரவில்லை. போன வருஷங்களின் வளர்த்தியும் சேர்ந்து, பூணூல் போடுகிற வயசுப் பையனாக வந்து நின்றானாம்! தாய் ஓடிப் போய் அவனைத் தூக்கிக்கொண்டு வந்து சுந்தரர் காலடியில் விழுந்தாள். அவனை அழைத்துக்கொண்டு சுந்தரர் கோயிலுக்குப் போனார். அப்புறம் அவனுக்கும் பூணூல் கல்யாணத்தைத் தாமே முன்னின்று நடத்தி வைத்துவிட்டுத்தான் மலைநாட்டுக்குப் புறப்பட்டார்.

கோயிலுக்குச் சற்றுத் தள்ளி, தாமரைக்குளக் கரையில் சுந்தரருக்குச் சின்னதாக ஒரு கோயில் இருக்கிறது. முதலை வாய்ப்பிள்ளையை மீட்ட இடம் என்று அதைக் காட்டுகிறார்கள். பங்குனி உத்திரத்தை ஒட்டி அந்த விழா நடக்கிறது. அவிநாசிக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் பெரிய கோயிலோடு திரும்பிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், குளக்கரைக்கும் போய் ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வர வேண்டும்.

'இந்த வறண்ட சீமையில் முதலை ஏது?' என்று என் பையன் கேட்டான். ஏன் இல்லை? உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே அமராவதி அணையில் இன்றைக்கும் முதலைகள் வாழ்கின்றன. பக்கத்திலே வனத்துறையின் முதலைப் பண்ணையும் இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப் போவார்கள். கொங்கு நாட்டுத் தாய்மார்களுக்கு முதலை கதையில் மட்டும் வருகிற பிராணியாக இருந்ததில்லை.

என் நங்கையாவுக்கு, அதாவது என் வீட்டுக்காரரின் அக்காவுக்கு, மூத்த பையன் நாலு வயதிலே தோட்டத்துத் தண்ணித்தொட்டியில் விழுந்து போய்விட்டான். வருஷம் இருபதுக்கு மேலாகிறது. அதற்குப் பிறகு இரண்டு பிள்ளைகள் பிறந்து, பேத்தியும் எடுத்துவிட்டார். ஆனாலும் வருஷா வருஷம் ஒரு தரம் அவிநாசிக்குப் போய்விடுவார். ஒரு தடவை நானும் கூடப் போனேன். சாமி கும்பிட்டுவிட்டுத் தாமரைக்குளக் கரையில் உட்கார்ந்தோம்.

"அந்தம்மா எப்படி அம்மணி மொகத்தத் தொடச்சுட்டுச் சிரிச்சுட்டே வந்து கும்பிட்டாங்க? என்னால இன்னிக்கும் முடியலியே" என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "எம்பையன் திரும்பி வரமாட்டான்னு எனக்குத் தெரியாதா? அதுக்கு நான் வரல. வீட்டுல யாரும் அவன் பேரையே எடுக்க மாட்டீங்கறாங்க. எடுத்தா நான் அழுதுருவேனாம். இந்தக் கதையில அந்தச் சாமியார் கேட்டாரு பாரு, பையனப் பறிகுடுத்தது நீங்கதானான்னு, அதக் கேக்கறதுக்குத்தான் இங்க வர்றேன்."

'உங்க பையன் எப்படி இருப்பானுங்க நங்கையா?' என்று கேட்டேன். பொழுது இறங்குகிற வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தார். இட்டிலியை வெல்லப்பாகில் தொட்டுத்தான் தின்பானாம். கன்னுக்குட்டியோடு சேர்ந்து தூங்குவானாம். அழவும் செய்தார். நடுவில் சிரிக்கவும் செய்தார்.

இந்த இடத்தில் இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. முதலை இல்லாவிட்டாலும் தண்ணீர் இருக்கிறது. 2021-ல் மட்டும் உலகத்தில் சுமார் 3 லட்சம் பேர் தண்ணீரில் மூழ்கி இறந்ததாகவும், அதில் நாலில் ஒரு பங்கு ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் என்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. நடை பழகுகிற குழந்தைக்குக் குளம் வேண்டாம், குளியலறை பக்கெட்டே போதும். தொட்டிக்கு மூடி, கிணற்றுக்கு மேட்டுச் சுவர், குழந்தைமேல் ஒரு கண். தப்பித் தவறி விழுந்துவிட்டால், தூக்கின பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றாதீர்கள், வயிற்றையும் அழுத்தாதீர்கள். நேரம்தான் வீணாகும். மூச்சில்லை என்றால் உடனே வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும், நெஞ்சை அழுத்திக் கொடுக்க வேண்டும். இன்னொருவர் 108-க்குப் போன் செய்ய வேண்டும்.

சுந்தரர் வந்தபோது குளம் வறண்டு கிடந்தது, அவர் பாடப் பாடத் தண்ணீர் பெருகி முதலை வந்தது என்றும் இந்தப் பக்கத்தில் சொல்வதுண்டு. தண்ணீருக்கு ஏங்குகிற ஊர்க்காரர்கள் கதையில்கூடத் தண்ணீரை வரவழைத்துவிட்டார்கள் பாருங்கள்! அவிநாசி வட்டாரத்தில் ஆயிரம் அடிக்கும் கீழே போர் போட்டும் புகை வந்த தோட்டங்கள் உண்டு. பவானி ஆற்று உபரித் தண்ணீரைக் கொண்டு வாருங்கள் என்று ஜனங்கள் சுமார் அறுபது வருஷம் கேட்டார்கள். அத்திக்கடவு - அவிநாசித் திட்டம் 2019-ல் வேலை தொடங்கி, 2024 ஆகஸ்டு 17-ந் தேதி நடைமுறைக்கு வந்தது. கோவை, திருப்பூர், ஈரோடு மூன்று ஜில்லாக்களிலுமாக 1,045 குளம் குட்டைகளுக்குக் குழாய் வழியே தண்ணீர் விடுகிற ஏற்பாடு. அதே வருஷம் பிப்ரவரியில்தான் அவிநாசிக் கோயிலுக்குக் கும்பாபிஷேகமும் ஆகியிருந்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டு, சாமி கண் திறந்துவிட்டார் என்று சந்தோஷப்பட்டவர்களை நான் பார்த்தேன். பல வருஷம் போராடின விவசாயிகள் காதில் விழுந்தால் என்ன சொல்வார்களோ!

சித்திரையில் தேர்த் திருவிழா. தமிழ்நாட்டின் பெரிய தேர்களில் அவிநாசித் தேரும் ஒன்று. கூட்டம் நெரியும். கைக்குழந்தையோடு போகிறவர்கள் வேறு சாதாரண நாள் பார்த்துப் போவது நல்லது. திரும்பும்போது திருப்பூர் ரோட்டில் 5 கிலோமீட்டரில் திருமுருகன்பூண்டி. சேரமான் கொடுத்த பொன்னோடு வந்த சுந்தரரை, சிவபெருமானே பூதகணங்களை வேடர்களாக அனுப்பி வழிப்பறி செய்த தலம் அது. அங்கேயும் அவர் சுவாமியோடு சண்டை போட்டுப் பாடித்தான் மூட்டையைத் திரும்ப வாங்கினார். மனசு சரியில்லாதவர்களை அங்கே கூட்டி வந்து தீர்த்தமாட்டித் தங்க வைப்பது பழைய வழக்கம். ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம். மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு காலையிலேயே கிளம்பிவிடுங்கள், நடுப்பகலில் இரண்டு கோயிலும் நடை சாத்தியிருக்கும்.