ஆட்டோகம்ப்ளீட்: சொல்லும் பொருளும்

கைப்பேசியில் ‘வண’ என்று தட்டியதுமே ‘வணக்கம்’ வந்து நிற்கிறது. ‘நான் எழுதப்போறது இதுக்கு எப்படித் தெரியும்?’ என்று வீட்டுப் பெரியவர்கள் வியக்கிறார்கள். இந்த வசதிக்குக் கணினித் துறையில் ‘ஆட்டோகம்ப்ளீட்’ என்று பெயர்.

‘ஆட்டோ’ கிரேக்க மூலம் கொண்டது. ‘தானே’ என்று பொருள். ‘கம்ப்ளீட்’ லத்தீனிலிருந்து வந்தது; ‘நிரப்புதல்’ அதன் அடிப்பொருள். ஆக, ‘தானே நிரப்புதல்’ எனலாம்.

தொடக்கத்தில் இந்தப் பெயருக்கேற்றபடிதான் வேலையும் நடந்தது. 1970களில் அமெரிக்க ஆய்வுக்கூடங்களில் ‘டெனெக்ஸ்’ என்ற இயக்குதளம் புழங்கியது. கோப்புப் பெயரின் முதல் சில எழுத்துகளைத் தட்டி ஒரு விசையை அழுத்தினால், மீதியை அதுவே முடித்துக் கொடுக்கும். உள்ளே இருக்கும் கோப்புகளின் பட்டியலைப் பார்த்து நிரப்பியதால் ஊகத்துக்கு அங்கே வேலையில்லை.

1990களில் கைப்பேசிக்கு ‘டி9’ வந்தது. ‘ஒன்பது விசைகளில் உரை’ என்பதன் சுருக்கம் இது. ஒரே விசையில் மூன்று, நான்கு எழுத்துகள். 4663 என்று அழுத்தினால் ஆங்கிலத்தில் ‘குட்’ என்றும் ஆகும், ‘ஹோம்’ என்றும் ஆகும். எது அதிகம் புழங்குகிறதோ அதை முதலில் காட்டும். 2004 டிசம்பரில் கூகுள் தன் தேடுபெட்டியில் பரிந்துரை வசதியைச் சோதனையாகத் தந்தபோது, மற்றவர்கள் தேடியவையே அதற்கு ஆதாரமாயின. இப்படி, நிரப்புதல் என்பது ஊகித்தல் ஆகிவிட்டது. பெயர் மட்டும் மாறவில்லை.

தமிழில் இந்த ஊகம் சற்றுக் கடினம். ‘வா’ என்ற ஒரே வினை வந்தான், வந்தாள், வந்தவர்களுக்கு, வந்துகொண்டிருந்தார்கள் என்று விரிந்துகொண்டே போகும். எல்லா வடிவங்களையும் பட்டியலில் அடைக்க முடியாது.

வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பலரும் ஆங்கில எழுத்தில் தட்டித்தான் தமிழைப் பெறுகிறார்கள். பி, ஏ, எல், எல், ஐ என்று தட்டினால் ‘பள்ளி’யும் வரலாம், ‘பல்லி’யும் வரலாம். லகர ளகர வேறுபாடு தெரியாத பிள்ளை முதலில் நிற்பதைத் தொட்டுவிடும். ‘நாளைக்குப் பல்லிக்குப் போகணும்’ என்று ஊரிலிருக்கும் தாத்தாவுக்குச் செய்தி போகும்!

பழி கருவிமேல் இல்லை. அது ஊகித்து நீட்டுகிறது; தேர்ந்தெடுப்பது நம் வேலை. அதற்கு எழுத்து தெரிந்திருக்க வேண்டும். கைப்பேசி தமிழ் எழுதித் தருகிறதே என்று அரிச்சுவடியை மூடி வைத்துவிட வேண்டாம். இப்போதுதான் அது இன்னும் தேவை.