மரபுவழிப் புற்றுநோய் மரபணுச் சோதனை: உளவியலும் அறமும்

மரபுவழிப் புற்றுநோய் மரபணுச் சோதனை என்பது, புற்றுநோய் வரும் வாய்ப்பை மிகுதிப்படுத்தும் பிறழ்வு ஒருவரது மரபணுவில் உள்ளதா எனக் குருதி அல்லது உமிழ்நீர் கொண்டு அறியும் சோதனை ஆகும். இது நோயைக் கண்டறிவதில்லை. நோய் வரக்கூடிய வாய்ப்பையே கூறுகிறது. மார்பகப் புற்றுநோய்களுள் ஏறத்தாழ 5 முதல் 10 விழுக்காடு மரபுவழி வருபவை. அவற்றுள் பலவற்றுக்குப் பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2 ஆகிய மரபணுக்களின் பிறழ்வுகள் காரணமாகும். இம்மரபணுக்கள் முறையே 1994, 1995 ஆம் ஆண்டுகளில் இனங்காணப்பட்டன. பிறழ்வுடைய தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ அது ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 விழுக்காடு வாய்ப்பு உண்டு. எனவே ஒருவரின் சோதனை முடிவு அவருடைய உறவினரைப் பற்றிய செய்தியும் ஆகிறது. உளவியல், அறச் சிக்கல்கள் பலவும் இதிலிருந்தே எழுகின்றன.

தமிழ்நாட்டில்

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954 இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் நிலையம் தொடங்கப்பட்டது. அங்கு மரபுவழிப் புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவப் பிரிவும் ஏற்படுத்தப்பட்டது. குடும்ப நோய் வரலாற்றைக் கேட்டறிதல், சோதனைக்கு முன்னும் பின்னும் கலந்தாய்வு வழங்குதல் ஆகியவை இத்தகைய பிரிவுகளின் முதன்மைப் பணிகளாகும்.

உளவியல் விளைவுகள்

பிறழ்வு இருப்பதாக அறிந்தவருக்கு அச்சமும், பிள்ளைகளுக்குக் கடத்திவிட்டோமோ என்ற குற்றவுணர்வும் தோன்றலாம். பிறழ்வு இல்லாதவரும், உடன்பிறந்தவருக்கு இருப்பதை எண்ணி வருந்துவதுண்டு. சிலரிடம் பொருள் தெளிவாகாத மாற்றம் காணப்படும். அது தீங்கானதா அன்றா எனக் கூற இயலாமை மனக்குழப்பம் தரும். பெரும்பாலோரிடம் தொடக்கத்தில் மிகும் மனவுளைச்சல் ஓராண்டிற்குள் தணிவதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

அறச் சிக்கல்கள்

* அறியும் உரிமையும் அறியாதிருக்கும் உரிமையும்: அக்காள் தன் முடிவை மறைத்தால், தங்கை முன்கூட்டியே கண்காணிப்பைத் தொடங்கும் வாய்ப்பை இழக்கிறாள். கேளாமலே கூறினால், அறியாதிருக்கும் அவளது உரிமை பறிபோகிறது. எனவே, உறவினருக்குத் தானே தெரிவிக்குமாறு சோதனை செய்துகொண்டவரை ஊக்குவிப்பதே பொதுவான மருத்துவ நடைமுறை.
* சிறுவர்: முதிர்ந்த வயதில் வரும் நோய்களுக்குச் சிறுவர்களைச் சோதிப்பது பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது. வளர்ந்தபின் முடிவெடுக்கும் உரிமை அவர்களுடையது.
* திருமணம்: முடிவு வெளியானால் மகளின் திருமணம் தடைபடும் என்ற அச்சத்தால் குடும்பங்கள் அதனை மறைக்கக்கூடும். மாமன் மகள், அத்தை மகன் போன்ற உறவுமுறைத் திருமணங்களில் இருவரும் ஒரே பி.ஆர்.சி.ஏ.2 பிறழ்வைக் கொண்டிருக்கக்கூடும். இருவரிடமிருந்தும் பிறழ்வைப் பெறும் குழந்தைக்கு ஃபான்கோனி இரத்தச்சோகை என்னும் கடும் நோய் வரலாம்.
* காப்பீடு: இதயநோய் தொடர்பான ஒரு வழக்கில், மரபணுக் கோளாறு என்ற காரணத்தால் மருத்துவக் காப்பீட்டுத் தொகையை மறுப்பது பாகுபாடு என 2018 இல் தில்லி உயர் நீதிமன்றம் கூறியது. அமெரிக்காவின் 2008 ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவக் காப்பீட்டிலும் வேலைவாய்ப்பிலும் மரபணுப் பாகுபாட்டைத் தடுக்கிறது. ஆயுள் காப்பீட்டிற்கு அது பொருந்தாது.