ஒரே பிள்ளை, ஒரே மார்க், இரண்டு நியாயம்

படிப்பும் பாதையும் – 9

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த கையோடு, கள்ளக்குறிச்சி மாவட்டத்து நைனார்பாளையம் மாதிரி ஊர்களில் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான். பிளஸ் ஒன்னில் எந்த குரூப்? 'பயாலஜி எடுத்தா டாக்டர், கம்ப்யூட்டர் எடுத்தா இன்ஜினீயர்' என்று யாரோ சொன்னதை வைத்துப் பதினைந்து வயதுப் பிள்ளையின் பாதையை ஒரே மாலையில் முடிவு செய்துவிடுகிறார்கள். அந்த முடிவுக்குப் பின்னால் டாக்டருக்கு நீட், இன்ஜினீயருக்கு ஜே.இ.இ. என்று இரண்டு தேசியத் தேர்வுகள் காத்திருக்கின்றன. பெயர் எல்லோருக்கும் தெரியும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பலருக்குத் தெரியாது. இந்த வாரம் அதைப் பார்ப்போம்.

முதலில் ஜே.இ.இ. இது இரண்டு படி கொண்டது. முதல் படி ஜே.இ.இ. மெயின். கணிதம், இயற்பியல், வேதியியலில் தலா 25 என்று 75 கேள்விகள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். கம்ப்யூட்டரில் எழுத வேண்டும். ஜனவரியில் ஒரு முறை, ஏப்ரலில் ஒரு முறை என்று ஆண்டுக்கு இரண்டு வாய்ப்பு. இரண்டில் எது நன்றாக வந்ததோ அதையே கணக்கில் எடுப்பார்கள். திருச்சி என்.ஐ.டி. போன்ற கல்லூரிகளுக்கு இதுவே போதும். இதில் முன்னிலை பெறும் இரண்டரை லட்சம் பேர் இரண்டாம் படியான ஜே.இ.இ. அட்வான்ஸ்டு எழுதலாம். ஐ.ஐ.டி.க்கு அதுதான் வழி. மெயின் தேர்வைத் தமிழில் எழுதலாம். அட்வான்ஸ்டு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே.

நீட் ஒரே படி. இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90 என்று 180 கேள்விகள், 720 மதிப்பெண், 180 நிமிடம். ஓ.எம்.ஆர். தாளில் பேனாவால் வட்டத்தை நிரப்ப வேண்டும். ஆண்டுக்கு ஒரே நாள், பெரும்பாலும் மே மாதத்து ஒரு ஞாயிறு மதியம். அன்று காய்ச்சல் வந்தால் அந்த வருஷம் போனது போனதுதான். இரண்டு தேர்விலும் சரியான விடைக்கு 4 மார்க், தவறினால் 1 மார்க் பிடித்தம். ஆனால் கேள்வியின் குணம் வேறு.

ஒரு கல்லை நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் நேர் மேலே எறிகிறோம், எவ்வளவு உயரம் போகும்? புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்துக்கொண்டால் விடை 20 மீட்டர். சூத்திரம் தெரிந்தால் ஒரே வரி. இது நீட் பாணி. ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்தான், யோசிக்க நின்றால் வண்டி போய்விடும். அதே கல்லை எறிந்து, ஒரு நொடி கழித்து இன்னொரு கல்லையும் அதே வேகத்தில் எறிகிறோம், இரண்டும் எந்த உயரத்தில் சந்திக்கும்? இது ஜே.இ.இ. பாணி. முதல் கல் கிளம்பிய இரண்டரை நொடியில், 18.75 மீட்டர் உயரத்தில் சந்திக்கும். இதற்குச் சூத்திரம் மட்டும் போதாது, இரண்டு சமன்பாடு எழுதி அவற்றைச் சமன் செய்ய வேண்டும். மெயினில் ஒரு கேள்விக்கு ஏறக்குறைய இரண்டரை நிமிடம் கிடைக்கிறது. ஆக, நீட் வேகத்தையும் நினைவையும் கேட்கிறது, ஜே.இ.இ. கணக்குப் போடும் பொறுமையைக் கேட்கிறது. எது கடினம் என்று கேட்டால், கேள்வித்தாளைப் பொறுத்தவரை ஜே.இ.இ.தான்.

ஆனால் நம் ஊர்ப் பிள்ளையின் வாழ்க்கையில் அதிகம் விளையாடுவது நீட்தான். காரணம் கேள்வித்தாளில் இல்லை.

ஜே.இ.இ. பல வாசல்களில் ஒரு வாசல். அதை எழுதாத பிள்ளையும் இன்ஜினீயர் ஆகலாம். தமிழ்நாட்டில் பிளஸ் டூவில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கட்-ஆஃப் போட்டு, பொறியியல் கவுன்சலிங்கில் இடம் கொடுக்கிறார்கள். கிண்டி பொறியியல் கல்லூரிக்கும் அதே வழிதான். நீட் அப்படியில்லை. அதுதான் ஒரே வாசல். பிளஸ் டூவில் எவ்வளவு வாங்கினாலும் நீட் இல்லாமல் எம்.பி.பி.எஸ். இல்லை. பொதுப் பிரிவுக்குப் பிளஸ் டூவில் 50 சதவீதம் இருந்தால் போதும், அதற்கு மேல் வாங்கிய மார்க்குக்கு அங்கே எந்த மதிப்பும் கிடையாது. என்.ஐ.டி., ஐ.ஐ.டி. கூடப் பொதுப் பிரிவுக்குப் பிளஸ் டூவில் 75 சதவீதமாவது வேண்டும், அல்லது அந்தந்தக் கல்வி வாரியத்தின் முதல் 20 சதவீதத்துக்குள் வர வேண்டும் என்கின்றன. 2013 முதல் 2016 வரை ஜே.இ.இ. மெயின் தரவரிசையில் பிளஸ் டூ மார்க்குக்கு 40 சதவீத எடையே இருந்தது.

தமிழ்நாட்டுக்கு நுழைவுத் தேர்வு புதிதல்ல. 1984-ல் மருத்துவம், பொறியியல் இரண்டுக்கும் மாநில நுழைவுத் தேர்வு வந்தது. கிராமப்புற, ஏழைப் பிள்ளைகளை அது பின்னுக்குத் தள்ளுகிறது என்று கண்டு, பேராசிரியர் மு. அனந்தகிருஷ்ணன் குழுவின் அறிக்கைக்குப் பிறகு 2006-ல் சட்டம் இயற்றினார்கள். 2007-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு தேர்வு ஒழிந்தது. 2016 வரை டாக்டருக்கும் இன்ஜினீயருக்கும் பிளஸ் டூ மார்க்தான் அளவுகோல். 2017-ல் நீட் வந்ததும் பாதை இரண்டாகப் பிரிந்தது. அரியலூர் மாவட்டத்துக் குழுமூர் மாணவி அனிதா 1200-க்கு 1176 வாங்கினார், மருத்துவக் கட்-ஆஃப் 196.75. முந்தைய ஆண்டாக இருந்தால் அவருக்கு எம்.பி.பி.எஸ். உறுதி. உச்ச நீதிமன்றம் வரை போயும் நியாயம் கிடைக்காமல் 2017 செப்டம்பர் 1 அன்று அவரை இழந்தோம்.

நீட்டை ஆதரிப்பவர்கள் சொல்வதில் ஒரு பகுதி உண்மை. முன்பு தனியார் பல்கலைக்கழகங்கள் ஆளுக்கொரு தேர்வு வைத்தன, நன்கொடைப் பேரம் நடந்தது, அந்தக் குழப்பம் குறைந்திருக்கிறது. ஆனால் பணத்தின் கை ஓயவில்லை. 2025-ல் 22 லட்சம் பேர் எழுதி, 12 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தகுதி பெற்றார்கள். நாடு முழுக்க எம்.பி.பி.எஸ். இடங்களோ ஏறக்குறைய 1.2 லட்சம். நல்ல மார்க் வாங்கிய ஏழைப் பிள்ளை தனியார் கல்லூரிக் கட்டணத்தைக் கேட்டுத் திரும்பிவிட, அவரைவிடக் குறைவாக வாங்கிய வசதியான பிள்ளை அந்த இடத்தில் சேர்கிறது. இன்னொரு பக்கம், ஆண்டுக்கு ஒரே வாய்ப்பு, எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் எழுதலாம் என்ற அமைப்பு ரிப்பீட்டர்களை வளர்த்தது. தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் ரிப்பீட்டர்கள் 2016-17-ல் 12.47 சதவீதம், 2020-21-ல் 71.42 சதவீதம் என்று நீட்டின் தாக்கத்தை ஆராய்ந்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு காட்டியது. ஒரு வருஷம் வேலைக்குப் போகாமல், கோச்சிங் கட்டணமும் ஹாஸ்டல் கட்டணமும் கட்டிப் பிள்ளையை உட்கார வைக்க மக்காச்சோளம் போட்டுப் பிழைக்கும் எத்தனை குடும்பங்களால் முடியும்?

அந்தக் குழுவின் அறிக்கையின் அடிப்படையில் 2021 செப்டம்பரில் சட்டமன்றம் நிறைவேற்றிய நீட் விலக்கு மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் அறிவித்தார்.

நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019-ல். சிறுவங்கூரில் 150 இடங்களோடு அரசு மருத்துவக் கல்லூரி திறந்தது 2022-ல். நைனார்பாளையத்துக்குப் பக்கத்திலேயே மருத்துவக் கல்லூரி வந்தபோது, பிளஸ் டூ மார்க்கை வைத்து உள்ளே போகும் வழி அடைபட்டு ஐந்து வருஷம் ஆகியிருந்தது.

அடைபட்ட கதவில் தமிழ்நாடு திறந்த சிறு வழிதான் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காக 2020-ல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. நீட் வந்ததிலிருந்து அதுவரை அரசுப் பள்ளியிலிருந்து எம்.பி.பி.எஸ். போனவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்த ஒரே ஆண்டில் மருத்துவம், பல் மருத்துவம் சேர்த்து சுமார் 400 இடங்கள் கிடைத்தன. 2021-ல் பொறியியலுக்கும் அது வந்தது. இதற்கு ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். நன்றாகப் படிக்கிற பிள்ளையை ஒன்பதாம் வகுப்பில் கடன் வாங்கித் தனியார் பள்ளிக்கு மாற்றும் பெற்றோர், அந்தப் பிள்ளையின் கையிலிருந்த உரிமையைத் தாங்களே பறிக்கிறார்கள். மாற்றும் முன் தயவுசெய்து இதை யோசியுங்கள்.

கல்வராயன் மலையிலிருந்து ஒரு நல்ல சேதியும் உண்டு. 2025-ல், மலையின் சேலம் பக்கத்துக் கருமந்துறை அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி மாணவி ஒருவர் ஜே.இ.இ. அட்வான்ஸ்டில் பழங்குடியினர் பிரிவில் 417-ஆவது இடம் பெற்று ஐ.ஐ.டி. வாசலை எட்டினார். அதற்கு முந்தைய ஆண்டு பச்சைமலை மாணவி ஒருவர் திருச்சி என்.ஐ.டி.யில் சேர்ந்தார். மலைப் பிள்ளைக்குத் திறமை குறைவு என்று இனி யாரும் சொல்ல முடியாது. விண்ணப்பம் போடச் சொல்லவும், பாடம் நடத்தவும், கட்டணம் கட்டவும் ஆள் இருந்தால் போதும்.

பிளஸ் ஒன் சேரும் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான். முடிவு தெளிவாக இல்லையென்றால் கணிதமும் உயிரியலும் சேர்ந்த குரூப்பை எடுங்கள், இரண்டு தேர்வும் எழுதலாம். நீட்டுக்காகப் பிளஸ் டூ பாடத்தைக் கைவிடாதீர்கள். நீட் கைவிட்டாலும் உங்கள் பொறியியல் கட்-ஆஃப் உங்களைக் காப்பாற்றும். அந்தக் கவுன்சலிங்குக்கு மறக்காமல் விண்ணப்பியுங்கள், வீட்டில் நீங்கள்தான் முதல் பட்டதாரி என்றால் அதற்கான கல்விக் கட்டணச் சலுகையையும் கேளுங்கள்.

ஆட்சியில் இருப்பவர்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு. இன்ஜினீயராக ஆசைப்படும் பிள்ளையின் பன்னிரண்டு வருஷப் படிப்பை நம்பும் நாடு, டாக்டராக ஆசைப்படும் பிள்ளையின் அதே படிப்பை நம்ப மறுப்பது அநியாயம். பிளஸ் டூ மார்க்குக்கு மருத்துவச் சேர்க்கையிலும் உரிய இடம் கொடுங்கள்.

(தொடரும்)